எஸ்டேட்: ஒரு சொல்லின் நிலை

கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழர் நாவில் ‘தோட்டம்’ என்னும் நம் சொல்லோடு இணைந்து வழங்குவது ‘எஸ்டேட்’ என்பது. இதன் வேரைத் தேடிச் செல்வோர் ஆங்கிலத்தில் நின்றுவிடலாகாது. அது இலத்தீனுக்கு இட்டுச் செல்லும்.

இலத்தீனில் ‘ஸ்டாரே’ என்பது நிற்றலைக் குறிக்கும் வினை. அதனடியாகப் பிறந்த தொழிற்பெயர் ‘ஸ்டாட்டுஸ்’. நிற்கும் பாங்கு, நிலை என்பன அதன் பொருள்கள். தமிழில் ‘நில்’ என்னும் வினையடி ‘ஐ’ விகுதி பெற்று ‘நிலை’ ஆனதை ஈண்டு ஒப்புநோக்குக. கொல், கொலை எனவும், வில், விலை எனவும் வருவன அவ்வகையினவே. ஸ்டாட்டுஸ், இலத்தீனின் நான்காம் பெயர்த்திரிபு வகையைச் சார்ந்த ஆண்பாற்பெயர். அதன் எழுவாய்க்கும் ஆறாம் வேற்றுமைக்கும் இறுதி உயிரின் குறில் நெடிலே வேற்றுமை.

உரோமானியச் சட்டத்தில் இச்சொல் ஒருவனது உரிமைநிலையைச் சுட்டிற்று. அவன் உரியனோ அடிமையோ, குடிமகனோ அயலானோ, குடும்பத்தில் அவன் இடம் யாது என்பவற்றை அது உணர்த்தியது. பழைய பிரெஞ்சில் மொழிமுதல் மெய்ம்மயக்கத்திற்கு முன் உயிர் தோன்ற, ‘எஸ்டாட்’ ஆயிற்று. ‘ஸ்கூல்’ நம் பேச்சில் ‘இஸ்கூல்’ ஆவதும் இவ்வியல்பினதே. ஆங்கிலச் சட்டம் அதனை நிலத்தின்மேல் ஒருவர்க்குள்ள உரிமைக்கு ஆக்கியது. பின்னர் அந்நிலமே அப்பெயர் பெற்றது. ஆளின் நிலையைக் குறித்த சொல் மண்ணின் பெயராயிற்று.

மலாயாவில் அது இரப்பர், செம்பனைத் தோட்டங்களின் பெயராக வேரூன்றியது. கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில், 1917இல், பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகொனியே நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். அத்தோட்டப் பெயரிலேயே தமிழ் ஒலிப்பதை எவரும் அறிவர்.

ஆயினும் அம்மண்ணைப் பண்படுத்திய தமிழரின் ‘ஸ்டாட்டுஸ்’ யாது? ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறையின் வழி வந்த ஆள்சேர்ப்பு, இந்திய அரசு 1938இல் விதித்த தடையால் நின்றது. முறைகள் மாறினும், லயத்து வீடு வேலையோடு கட்டுண்டிருந்தது; வேலை போயின் வீடும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தும், பின்னர் மேம்பாட்டுக்கென அழிக்கப்பட்ட காலத்தும், பலர் அவ்வுண்மையைக் கண்டனர். ‘எஸ்டேட்’ என்னும் சொல்லுக்குள் உரிமை இருந்தது. அதனுள் வாழ்ந்தார்க்கு அது இல்லை.

எனவே ஆசிரியர்கள் இச்சொல்லைக் கற்பிக்குங்கால், பிறமொழிச்சொல் என்று மட்டும் கூறி ஒதுக்காது, அதன் வேரையும் வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தல் நன்று. பாட்டன் நின்ற நிலம் எது, அவன் பெற்ற நிலை எது என்று மாணவன் வேறுபடுத்தி அறிவானாயின், அவன் கற்றது இலக்கணம் மட்டுமன்று.