கூரையில்லாப் பெட்டியும் இரயில் கட்டணமும்



ஒரே இரயில், ஒரே பெட்டி. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். ஏறிய நிலையமும் ஒன்று. இறங்கப் போகும் நிலையமும் ஒன்று. ஆனால் ஒருவர் கொடுத்த கட்டணம் மற்றவர் கொடுத்ததைவிட ஒன்றரை மடங்கு. இன்று பல நாடுகளில் இது சாதாரணமாகிவிட்டது. "தூரத்துக்குத்தானே ஐயா காசு?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், இரயில் ஓடத் தொடங்கிய நாள்தொட்டே, கட்டணம் என்பது தூரத்தின் விலையாக மட்டும் இருந்ததில்லை. அந்தக் கதையைத்தான் இன்று காணப் போகிறோம்.

இங்கிலாந்தில் இரயில் வருவதற்கு முன்பு, ஊர்விட்டு ஊர் செல்லக் குதிரை வண்டிகள் இருந்தன. வண்டிக்கு உள்ளே அமர்வோருக்கு ஒரு கட்டணம். மேலே வெயிலிலும் மழையிலும் அமர்வோருக்குக் குறைந்த கட்டணம். இரயில் கும்பெனிகள் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக் கொண்டன. முதல் வகுப்புப் பெட்டியைப் பார்த்தால், மூன்று குதிரை வண்டிகளை ஒட்டவைத்தாற்போல இருக்கும். பயணியின் பெயரைப் பேரேட்டில் எழுதிச் சீட்டுக் கொடுக்கும் முறையும் குதிரை வண்டிக்காரர்களிடமிருந்து வந்ததே. கூட்டம் பெருகியபோது அது கட்டுப்படியாகவில்லை. அப்போது தாமஸ் எட்மன்சன் என்னும் நிலைய அதிபர், முன்னாளில் மரச் சாமான் செய்தவர், ஒரு வழி கண்டார். சிறிய தடித்த அட்டையில் ஊரும் வகுப்பும் வரிசை எண்ணும் முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொண்டு, விற்கும்போது தேதியை மட்டும் குத்திக் கொடுத்தார். 1830-களில் பிறந்த அந்தச் சிறிய அட்டை உலகமெல்லாம் பரவியது. உங்களில் மூத்தவர்கள் அதைக் கையில் பிடித்திருப்பீர்கள்.

இந்த அட்டைக்கு ஒரு குணம் உண்டு. முன்கூட்டியே அச்சாகிக் கட்டுக் கட்டாக அலமாரியில் இருக்கும் சீட்டின் விலையை, காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் மாற்ற முடியாது. நேற்றே வாங்கியவருக்கும், வண்டி புறப்படும் நேரத்தில் ஓடி வந்து வாங்கியவருக்கும் ஒரே விலைதான்.

அப்படியானால் வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்குவது எப்படி? அதற்குத்தான் வகுப்புகள் பயன்பட்டன. மூன்றாம் வகுப்பு என்று சொல்லப்பட்டது பல கும்பெனிகளில் கூரையில்லாத வெறும் வண்டிதான். அதைச் சரக்கு இரயிலோடு சேர்த்து ஓட்டினார்கள். 1841 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். லண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலை செய்த கல் தச்சர்கள் பலர் விடுமுறைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மழையால் சரிந்து தண்டவாளத்தில் கிடந்த மண் மேட்டில், சானிங் என்ற இடத்தில், வண்டி மோதியது. தாழ்ந்த பக்கப் பலகை மட்டுமே கொண்ட திறந்த பெட்டிகளிலிருந்து பயணிகள் தூக்கி எறியப்பட்டார்கள். பின்னால் இருந்த சரக்குப் பெட்டிகள் நெருக்கின. ஒன்பது பேர் மாண்டார்கள்.

அரசாங்கம் விழித்துக்கொண்டது. பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டன் அப்போது வாணிபத் துறைக்குப் பொறுப்பாளர். அவர் முயற்சியில் 1844-இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பாதையிலும் நாளொன்றுக்கு ஒரு முறையாவது, போகவும் வரவும், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஓர் இரயில் ஓட வேண்டும். நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகமாவது இருக்க வேண்டும். உட்கார இருக்கையும் மழைக்குக் கூரையும் வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக்கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. பன்னிரண்டு வயது வரை பாதி. நம் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் வாங்கிய வழக்கத்தின் வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

கும்பெனிகள் சட்டத்தை மீறவில்லை. ஆனால் அந்த ஒரு வண்டியைச் சிலர் யாருக்கும் வசதிப்படாத நேரத்தில் ஓட்டினார்கள்.

இங்கே நமக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். கூரை போட எவ்வளவு செலவாகிவிடும்? நான்கு பலகை, கொஞ்சம் தகரம். அதற்கா இவ்வளவு பிடிவாதம்? பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ஜூல் துப்யுயி 1849-இல் இதற்கு விடை எழுதினார். கூரை போடாததற்குக் காரணம் செலவு அன்று. ஏழையைத் துன்புறுத்தும் எண்ணமும் அன்று. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாதே என்ற அச்சம்தான் காரணம் என்றார் அவர். பணக்காரரைப் பயமுறுத்துவதற்காக ஏழை மழையில் நனைந்தான். என்னைக் கேட்டால், இரயில் கட்டணத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. இனி வருவதற்கெல்லாம் இதுவே திறவுகோல்.

இந்தக் கணக்கை உடைத்தது ஒரு கும்பெனியே. இங்கிலாந்தின் மிட்லண்ட் இரயில்வே 1872-இல் தன் எல்லா இரயில்களிலும் மூன்றாம் வகுப்புப் பயணிகளை ஏற்றியது. 1875-இன் தொடக்கத்தில் இரண்டாம் வகுப்பையே எடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு மெத்தை வைத்த இருக்கை கொடுத்தது. மற்றக் கும்பெனிகள் கூச்சலிட்டன. பிறகு கூட்டம் அந்தப் பக்கம் போவதைக் கண்டு தாங்களும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. இதனால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. பெரும்பாலான பிரிட்டிஷ் இரயில்களில் நெடுங்காலம் முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் இருந்தன, இரண்டாவது இல்லை! 1956-இல்தான் மூன்றாம் வகுப்புக்கு இரண்டாம் வகுப்பு என்று பெயர் மாற்றினார்கள்.

வகுப்பு முறை ஆங்கிலேயரோடு கடல் கடந்தது. பம்பாயிலிருந்து தானேவுக்கு 1853-இலும், சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856-இலும், நம் மலாயாவில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இலும் இரயில் ஓடியது. நாகப்பட்டினத்து டிப்போவை நோக்கி நம் பாட்டன்மாரை ஏற்றிச் சென்ற பெட்டி எந்த வகுப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் மூன்றாம் வகுப்பின் நெரிசலையும் அழுக்கையும் காந்தியடிகள் தாமே அதில் பயணம் செய்து கண்டு, 1917-இல் எழுதினார். அந்தப் பெயர் போவதற்கு 1974 வரை ஆயிற்று. பெயர் போயிற்று, பலகை போகவில்லை. இரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே 1977-க்குப் பிறகு இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் இரண்டு அங்குல மெத்தை போட வைத்தார். அதே 1977 டிசம்பரில் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே வகுப்பு வேற்றுமையே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. துப்யுயி சொன்ன கூரையை நினைத்துப் பாருங்கள். இரண்டு அங்குல மெத்தை எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போது புரியும்.

இந்தியாவில் ஒரு சீட்டின் விலை எப்படி அமைகிறது என்றும் பார்ப்போம். அடிப்படைக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ஆனால் தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கான வீதம் குறைந்துகொண்டே போகும். நிலையம், சீட்டு விற்பவர், வண்டியைக் கோத்து நிறுத்தும் வேலை ஆகியவற்றின் செலவு பத்து மைல் போனாலும் ஆயிரம் மைல் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதானே! விரைவு வண்டிக்குத் தனிக் கூடுதல் உண்டு. இருக்கையை உறுதி செய்ய முன்பதிவுக் கட்டணம் தனி. அது சிறு தொகைதான். ஆக, தூரத்துக்கு ஒரு விலை, இடத்துக்கு ஒரு விலை என்று இரண்டு பொருளை வாங்குகிறோம்.

பழைய நாளில் இந்த முன்பதிவு பெரிய பேரேடுகளில் கையால் எழுதப்பட்டது. 1985-இல் புது தில்லியில் கணினி வந்தது. எத்தனை இடம் விற்றது, எத்தனை மீதம் என்பது அந்தந்த நிமிடமே தெரிய வந்தது. எட்மன்சனின் அட்டைக்கு முடியாதது இதற்கு முடியும். ஆனாலும் இந்தியா உடனே அதைக் கையில் எடுக்கவில்லை.

முதலில் எடுத்தவர்கள் அமெரிக்க விமான நிறுவனங்கள். 1980-களில், ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைக்கு அவை விற்றன. பிரான்சு இரயில்வே ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் கணினி முறையைத் தழுவி, 1993-இல் 'சாக்ரட்' என்ற முன்பதிவு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் ஒரே குழப்பம், சீட்டு வாங்கும் இடங்களில் நீண்ட வரிசை, பயணிகளின் கோபம். கிலோமீட்டர் கணக்கிற்குப் பழகிய மக்களுக்கு விலை ஏன் மாறுகிறது என்பதே விளங்கவில்லை.

ஏன் மாறுகிறது? சந்தையில் மீன்காரரைப் பாருங்கள். நேரம் ஆக ஆக விலையைக் குறைப்பார்; விற்காத மீன் மறுநாளைக்கு ஆகாது. புறப்பட்டுவிட்ட இரயிலின் காலி இருக்கையும் அப்படித்தான், மறுநாள் விற்க முடியாது. ஆனால் இரயில் நிர்வாகமோ நேரம் ஆக ஆக விலையைக் கூட்டுகிறது. காரணம், கடைசி நேரத்தில் வருபவர் யார் என்பதில் இருக்கிறது. உல்லாசப் பயணம் போகிறவர் இரண்டு மாதத்துக்கு முன்பே திட்டமிட்டுவிடுவார். நாளைக்கே போயாக வேண்டும் என்று வருபவர் வியாபாரியாக இருக்கலாம். ஊரில் தாயார் காலமான செய்தி கேட்டு வந்த கூலித் தொழிலாளியாகவும் இருக்கலாம். இருவராலும் 'வேண்டாம்' என்று திரும்பிப் போக முடியாது. பழைய கூரையில்லாப் பெட்டி, காசு உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தது. இந்தப் புதிய முறை, காத்திருக்கக் கூடியவரையும் முடியாதவரையும் பிரிக்கிறது. இது முன்னதைவிட நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தியாவில் கடைசி நேரப் பயணிகளுக்கென 1997-இல் 'தத்கால்' முறை வந்தது. இன்றைய விதிப்படி, அதற்கு இரண்டாம் வகுப்பில் அடிப்படைக் கட்டணத்தில் 10 விழுக்காடும், மற்ற வகுப்புகளில் 30 விழுக்காடும் கூடுதல். அதற்கு உச்சவரம்பும் உண்டு. 2016 செப்டம்பரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் முதல் 10 விழுக்காடு இருக்கைகள் வழக்கமான விலைக்கு; அடுத்த ஒவ்வொரு 10 விழுக்காடும் விற்கும்போது கட்டணம் 10 விழுக்காடு ஏறும்; உச்சம் ஒன்றரை மடங்கு. இதில் குளிர்சாதன முதல் வகுப்புக்கு ஏற்றமில்லை. அதன் கட்டணம் ஏற்கெனவே விமானக் கட்டணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஏற்றினால் அவர்கள் விமானத்துக்குப் போய்விடுவார்கள். போக்கிடம் உள்ளவரை விலை துரத்துவதில்லை, பார்த்தீர்களா!

விளைவு? 2018-இல் வெளிவந்த தணிக்கை அறிக்கை, அந்த வண்டிகளில் வருமானம் கூடியதையும் பயணிகள் குறைந்ததையும் சேர்த்தே காட்டியது. அதே ஆண்டில், கூட்டம் குறைந்த சில வண்டிகளில் ஏறுகட்டணத்தை எடுத்தார்கள். மற்றவற்றில் உச்சத்தை 1.4 மடங்காகக் குறைத்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே, இந்திய இரயில்களின் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்று மாறாமல் இருக்கிறது. எத்தனை நாளுக்கு முன் வாங்கினீர்கள் என்று அதற்குக் கேள்வி இல்லை. புறப்படும் முன் நிலையத்தில் போய்ச் சீட்டு வாங்கலாம். கட்டணம் இன்றும் தூரக் கணக்குத்தான். முதலில் வருபவருக்கும் கடைசியில் ஓடி வருபவருக்கும் ஒரே விலை. உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் அந்தச் சீட்டு வாக்குக் கொடுப்பதில்லை.