ரூபாய்க்கு எத்தனை சேர்?

பிரிட்டிஷ் காலத்து அரசிதழ்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். இடது பக்கம் மாவட்டங்களின் பெயர்கள். மேலே அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, உப்பு. நடுவே வெறும் எண்கள். யாரும் நின்று படிக்கிற பக்கம் இல்லை.

முதன்முறை பார்க்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிட வாய்ப்புண்டு. இன்னைக்கு நாம 'கிலோ என்ன விலை'ன்னு கேட்கிறோம். அந்தப் பட்டியல் 'ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர்' என்று சொல்லும். 80 தோலா எடையுள்ள அந்தச் சேர் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 933 கிராம். ஆக, எண் குறைந்தால் விலை ஏறுகிறது என்று பொருள். கூலி மாறாமல் இருக்க, எண் பாதியானால் கூலிக்காரர் வீட்டு உலையில் விழுவதும் பாதிதான். பசியை நேரடியாகவே எண்ணிக் காட்டுகிற முறை அது.

இந்தப் பட்டியல் வானத்திலிருந்து விழவில்லை. ஊரில் கர்ணம் எழுதிய கணக்கு தாலுகாவுக்குப் போகும். அங்கிருந்து கலெக்டருக்கு, பிறகு சென்னையில் இருந்த ரெவின்யூ போர்டுக்கு. எங்கே மழை பொய்த்தது, எங்கே விதை முளைக்கவில்லை, எந்தச் சந்தையில் தானியம் வரத்து நின்றது என்பதெல்லாம் காகிதத்தில் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. உணவு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக வேண்டுமென்றால், அதற்கு முன்னால் இந்தச் செய்தி போயாக வேண்டும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

என் கேள்வி வேறு. செய்தி போய்ச் சேர்ந்த பிறகும் ஏன் சோறு போய்ச் சேரவில்லை?

தாது வருஷம்

நம்ம பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்னது 1876-78 பஞ்சத்தைத்தான். 1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் பம்பாய், ஐதராபாத் பகுதிகளிலும் அடி விழுந்தது. தென்னிந்தியாவில் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

அது தகவல் இல்லாத காலம் அல்ல. 1850-களிலேயே தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடியது. 1871-இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் சேர்ந்தன. அதாவது பஞ்சம் வந்தபோது செய்தி போக கம்பியும் இருந்தது, மூட்டை போக தண்டவாளமும் இருந்தது.

கம்பி தன் வேலையைச் செய்தது. ஆனால் அது யாருக்காகச் செய்தது என்று பார்க்க வேண்டும். தந்திக்கு முன்னால், ஒரு தாலுகாவில் விளைச்சல் கெட்டால் அந்த விலை பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தோடு நிற்கும். தந்தி வந்த பிறகு, பெல்லாரியில் ஏறிய விலை அன்றே நூறு மைல் தள்ளி இருக்கும் வியாபாரிக்குத் தெரியும். சுமாராக விளைந்த ஊரிலும் மூட்டை கைமாறாமல் கிடங்கில் தங்கும். இன்னும் ஏறட்டும் என்று காத்திருக்கும். ரயிலும் கப்பலும் பஞ்ச மாவட்டங்களுக்கு நிறையத் தானியம் கொண்டுவந்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் தானியம் பசியைத் தேடிப் போகவில்லை, காசைத் தேடிப் போனது. வேலை போய், மாடு செத்து, பாத்திரத்தை விற்றுத் தீர்த்த குடும்பத்துக்கு ரயில் நிலையத்தில் அடுக்கிய மூட்டை வெறும் காட்சிப் பொருள்.

அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் அரசு தொடக்கத்தில் ஒரு தனியார் நிறுவனம் வழியாக, வெளியே தெரியாமல், தானியம் வாங்கியது. வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. தனியார் வியாபாரத்தில் அரசு தலையிடக்கூடாது என்பது கொள்கை. பிறகு மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டவர் ரிச்சர்ட் டெம்பிள்.

இந்த டெம்பிள் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கணும். 1873-74-இல் பீகாரில் விளைச்சல் கெட்டபோது நிவாரணத்தை நடத்தியவரும் இவரேதான். அங்கே முன்கூட்டியே கணக்குப் போட்டு, பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசி இறக்கினார்கள். பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, 'அரசுப் பணத்தை வீணடித்தார்' என்ற வசவு. மூன்று வருடம் கழித்து சென்னைக்கு வந்த அதே மனிதர், நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓர் அணா என்று கூலியைச் சுருக்கினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதில் உடல் தாங்காது, பருப்பும் கூடுதல் தானியமும் வேண்டும் என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். கொஞ்ச மாதங்கள் கழித்துத்தான் கூலி உயர்ந்தது.

பீகாரில் எப்படிச் செய்வது என்று கற்ற பாடம் சென்னைக்கு வரவில்லையா? வந்தது, அந்த மனிதரோடு சேர்ந்தே வந்தது. ஆனால் அந்தப் பாடத்துக்கு மேலிடம் போட்ட மதிப்பெண் வேறாக இருந்தது. அறிவைச் சேர்த்து வைப்பதும் அதைப் பயன்படுத்த அனுமதிப்பதும் ரெண்டு தனி வேலைகள்.

படித்தவருக்கு ஒரு கடமை

பஞ்சம் முடிந்த பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச ஆணையம் அமைந்தது. 1880-இல் அறிக்கை வந்தது. மொத்த நாட்டிலும் உணவே இல்லாமல் போவதைவிட, வேலையும் கூலியும் போய் வாங்க முடியாமல் போவதுதான் பெரிய ஆபத்து என்று அந்த அறிக்கை கண்டுகொண்டது. அதன் தொடர்ச்சியாக 1883-இல் மாதிரி 'ஃபேமின் கோடு', அதாவது பஞ்ச விதித்தொகுப்பு, வந்தது. மாகாணங்கள் தங்களுக்கென்று ஒவ்வொன்றை எழுதிக்கொண்டன.

அந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த பகுதி, அறிகுறிகளின் பட்டியல். விலை ஏறுவது ஒன்று. தானிய வியாபாரிகளிடம் திடீரெனத் தெரியும் பரபரப்பு. கடன் கிடைக்காமல் போவது. ஊரைவிட்டு ஜனங்கள் அலைவது. பிச்சை கேட்பவர்கள் கூடுவது. திருட்டு அதிகமாவது. இதெல்லாம் எந்தக் கிராமத்துக் கிழவிக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் முதல்முறையாக அது அதிகாரியின் கோப்புக்குள் 'பார்த்தே ஆக வேண்டிய விஷயம்' என்று வந்தது.

அடுத்து 'சோதனை வேலை'. சந்தேகம் வந்தால் ஓரிடத்தில் மண் வெட்டும் வேலையைத் திறந்து பார். குறைந்த கூலிக்கும் ஜனங்கள் கூட்டமாக வந்தால் நிலைமை முற்றுகிறது என்று பொருள். இது கறாரான, இரக்கம் குறைந்த முறை. இருந்தாலும் இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. கர்ணம் எழுதாத தகவலை, வேலைக்கு வந்து நிற்கிற ஆட்களே சொல்லிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலைப் படித்த அதிகாரி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் தொகுப்பு சொன்னது. எண் இவ்வளவு இறங்கினால் இதைத் திற, அதைக் கொடு. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அறிவிக்காத பஞ்சம்

1943 வங்காளத்தில் அந்தத் தொகுப்பு அலமாரியில் இருந்தது. அறிகுறிகளும் வந்துகொண்டிருந்தன. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கைக்குப் போகக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரிசியை அரசே எடுத்தது. பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் படகுகளைப் பறிமுதல் செய்தது, உடைத்தது. ஆறுகளே சாலைகளாக இருக்கிற ஊரில் படகைப் பிடுங்கினால் சந்தை என்ன ஆகும்? அக்டோபரில் மேதினிப்பூரில் புயல். மற்ற மாகாணங்கள் தானியத்தை வெளியே விடவில்லை. 1942 கடைசியிலிருந்தே மாவட்ட அதிகாரிகளின் அறிக்கைகளில் பசியின் அடையாளங்கள் வந்தன.

ஆனால் அரசு 'பஞ்சம்' என்று அறிவிக்கவே இல்லை. தற்காலிக ஆளுநராக இருந்த ரூதர்ஃபோர்ட் வைஸ்ராய்க்குச் சொன்ன காரணத்தைப் பாருங்க: தொகுப்பு விதித்திருக்கிற அளவு உணவைக் கொடுக்க நம்மிடம் உணவு இல்லை, அதனால் தொகுப்பைச் செயல்படுத்தவில்லை. அறிவித்தால் கடமை வந்துவிடும், கடமை வேண்டாமென்றால் அறிவிக்காதே. செய்தித்தாள்களுக்கும் தணிக்கை. 1943 ஆகஸ்ட் 22 அன்று கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் தெருவில் கிடந்த ஜனங்களின் படங்களை வெளியிட்ட பிறகுதான் டெல்லிக்கும் லண்டனுக்கும் அதை மறைக்க முடியாமல் போனது. 1945-இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை 15 லட்சம் சாவு என்றது. அமர்த்தியா சென் சுமார் 30 லட்சம் என்கிறார்.

1981-இல் வந்த தன் நூலில் சென் ஒரு கணக்குப் போட்டார். வங்காளத்தின் 1943 உணவு இருப்பு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவிகிதம்தான் குறைவு, 1941-ஐவிட 13 சதவிகிதம் அதிகம். இந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் யார் செத்தார்கள் என்பதில் சர்ச்சை இல்லை: நிலமற்ற கூலிகள், மீனவர்கள், கைவினைஞர்கள். கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் அரிசி போனது. போருக்கு யார் தேவை என்ற பட்டியலை அரசு கவனமாகப் படித்தது. இன்னொரு பட்டியலைப் படித்துவிட்டு மூடி வைத்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்லலாம். 1972-73-இல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. உச்சக்கட்டத்தில் சுமார் 50 லட்சம் பேர் அரசின் நிவாரண வேலைகளில் இருந்தார்கள். பழைய தொகுப்பின் அதே யோசனைதான். ஆனால் இப்போது வேலை கேட்டு ஜனங்கள் ஊர்வலம் போகலாம், சட்டமன்றத்தில் கேள்வி எழும், பத்திரிகையில் வரும். பெருந்திரளான பட்டினிச் சாவு தவிர்க்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் வேலை உறுதித் திட்டமும், பிறகு 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் இந்த வழியில் வந்தவைதான். சோதனை வேலை, கேட்டு வாங்கும் உரிமையாக மாறியது.

மத்தி மீனும் கைபேசியும்

இதுவரை பார்த்தது மேலே போகும் பட்டியல். சரி, விலை விவரம் நேரடியாகப் பிடிக்கிறவர் கைக்கே வந்தால்?

வட கேரளத்தில் அது நடந்தது. 1997 ஜனவரி 14, வடகரைக் கடற்கரை. மத்தி ஏகப்பட்டது வந்து இறங்கியது. வாங்க ஆள் இல்லாமல் 11 படகுக்காரர்கள் மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள், சோம்பாலிலும் கொயிலாண்டியிலும், 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் தன் 2007 கட்டுரையில் பதிவு செய்த நிகழ்ச்சி இது.

1997 முதல் 2001 வரை அந்தக் கரையோரம் கைபேசிக் கோபுரங்கள் வந்தன. கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைத்தது. படகிலிருந்தே கரைக்குப் பேசி, எங்கே விலை என்று கேட்டு அங்கே திருப்பினார்கள். முன்பு பிடித்ததில் 5 முதல் 8 சதவிகிதம் வீணானது. பிறகு வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவர் லாபம் 8 சதவிகிதம் கூடியது. வாங்குபவருக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது. ரெண்டு பக்கமும் லாபம், மீனும் வீணாகவில்லை. அதே கம்பிச் செய்திதான், இப்போது அது கம்பியில்லாமல் வந்தது. ஆனால் கேட்டவர் படகுக்காரர், படகைத் திருப்பும் உரிமையும் அவரிடம் இருந்தது.

பின்னால் கேரளக் கடற்கரைக்குப் போன ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான திருத்தம் சொன்னார்கள். தரகரிடம் படகுக்கும் வலைக்கும் கடன் வாங்கியவர், அந்தத் தரகர் வழியாகத்தான் விற்றாக வேண்டும். அவர் கையிலும் போன் இருக்கிறது, அடுத்த கரையில் என்ன விலை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் அன்றாட விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். விற்கிற விவசாயியும் வாங்குகிற அம்மாவும் ஒரே பலகையைப் பார்க்கிறார்கள். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஆனால் விலை எழுதிய இடத்திலேயே விற்கக் கடையும் தராசும் இருக்கின்றன. 2016-இல் வந்த 'இ-நாம்' மின்னணுச் சந்தை, எத்தனையோ விலைச் செயலிகள் எல்லாவற்றையும் இந்தப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

ஏன்னா, தக்காளி விலை விழுகிற ஒவ்வொரு வருஷமும் ஜனங்கள் அதைச் சாலையோரம் கொட்டுகிறார்கள். கொட்டுகிறவருக்குக் கோயம்பேட்டு விலை தெரியாமல் இல்லை, சட்டைப்பையில் இருக்கிற போனிலேயே இருக்கிறது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்பதும் தெரியும். குளிர்பதனக் கிடங்கு கிட்டத்தில் இல்லை, கடன் கொடுத்தவர் காத்திருக்கிறார். அவருக்கு இன்னொரு செயலி தேவையில்லை. அவருடைய எண்ணைப் பார்த்ததும் எழுந்து ஏதாவது செய்யக் கடமைப்பட்ட ஒருவர் தேவை.