மூலம் அறியாதவரின் சிரிப்பு: லக்கி லூக் கதைகளில் சுட்டு நகை

சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ், 1980களில் 'சூப்பர் சர்க்கஸ்' என்ற தலைப்பில், கௌபாய் நாயகன் லக்கி லூக்கின் சித்திரக்கதையொன்றைத் தமிழில் தந்தது. 1970இல் பிரெஞ்சில் நூலான கதை அது. அதில் வரும் சர்க்கஸ் முதலாளிக்குப் புடைத்த மூக்கு, உயரத் தொப்பி, மிடுக்கு குலையாத குடிப்பழக்கம். ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸை அப்படியே உரித்து வைத்த உருவம். அன்று அதைப் படித்துச் சிரித்த தமிழ்ச் சிறுவர்களில் ஃபீல்ட்ஸின் படம் ஒன்றையாவது பார்த்தவர்கள் அரிது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனாலும் சிரித்தார்கள்.

வேறொரு படைப்பையோ பழகிய முகத்தையோ சுட்டிக்காட்டிப் பிறக்கும் இத்தகைய சிரிப்பை இங்கே 'சுட்டு நகை' என்று குறிக்கிறேன். மூலம் தெரிந்தவருக்குத்தான் அது வாய்க்கும், மூலம் மறக்கப்பட்டதும் அதுவும் மடியும் என்பது பரவலான எண்ணம். அது பாதி உண்மைதான்.

லக்கி லூக்கை 1946இல் படைத்தவர் பெல்ஜிய ஓவியர் மோரிஸ். ஃபீல்ட்ஸ் இறந்ததும் அதே ஆண்டு டிசம்பரில்தான். 1955 தொடங்கி 1977இல் தாம் மறையும் வரை பெரும்பாலான கதைகளை எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே கோசினி. இருவரும் சந்தித்தது அமெரிக்காவில். அவர்கள் தீட்டிய மேற்குப் பாலைநிலம் வரலாற்று ஏடுகளிலிருந்து வந்ததல்ல. திரையரங்க வெள்ளித்திரையிலிருந்து வந்தது. 1956இல் நூலான ஒரு கதையில் கூலிக்குக் கொல்லும் துப்பாக்கிக்காரனுக்கு நடிகர் ஜாக் பாலன்ஸின் முகம். 1972இல், தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களை வேட்டையாடிப் பிழைப்பவனுக்கு நடிகர் லீ வான் கிளீஃபின் முகம்.

வாதத்துக்கு மிகவும் கைகொடுப்பது ரின்டின்கேன் என்ற சிறைக் காவல் நாய். முதல் உலகப் போரின் முடிவில் பிரான்சில் ஓர் அமெரிக்கப் படைவீரர் கண்டெடுத்து, பின்பு ஹாலிவுட்டின் ஊமைப்படங்களில் பெரும் புகழ் பெற்ற ரின் டின் டின்னைப் பகடி செய்ய 1960இல் பிறந்தது இது. திரை நாய் குற்றவாளியை மோப்பம் பிடித்துப் பாயும். இதுவோ தப்பியோடும் கைதியைக் கண்டால் வாலை ஆட்டும். அப்படித் தப்பியோடும் கைதிகளான டால்டன் சகோதரர்கள் நால்வரில் குள்ளனும் முன்கோபியுமான ஜோவுக்கு இதைக் கண்டாலே ஆகாது. இதற்கோ ஜோ என்றால் உயிர். ஜோ திட்டினாலும் உதைத்தாலும் அதைப் பாசமென்றே எடுத்துக்கொள்ளும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுகிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பகடி எள்ளலைச் சார்ந்தது. எள்ளப்படும் பொருள் தெரிந்தால்தான் அது சுவைக்கும். ஆனால் இந்த நாயின் அறியாமை பேதைமையின்பாற்படும். ஒருமுறை மனத்தில் பதிந்ததை எது வந்தாலும் விடாத அதன் பிடிவாத அன்பை, உரையாசிரியர்கள் மடனுக்குத் தரும் விளக்கத்தோடு பொருத்திப் பார்க்கலாம். இவ்விரண்டையும் ரசிக்க வாசகருக்கு முன்னறிவு எதுவும் தேவையில்லை. ரின் டின் டின்னை அறியாதவர் எள்ளலை மட்டும் இழக்கிறார். மற்ற இரண்டும் அவருக்கு முழுதாகக் கிடைக்கின்றன. கோசினியின் திறமையை நான் இங்கேதான் காண்கிறேன். இரவல் வாங்கிய உருவத்துக்குக் கதைக்குள் ஒரு வேலை கொடுத்துவிடுகிறார்.

வேலை கொடுக்கப்படாத சுட்டு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்ச் சான்று உண்டு. 'ஃபிரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு ஏற்ற காண்டிராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும். 2019 மே மாதம், நேசமணி நலம்பெற வேண்டிச் சமூக ஊடகங்களில் உலக அளவில் விளையாட்டாகப் பிரார்த்தனை நடந்தது. படத்தைப் பார்க்காதவர்கள் யார் இந்த நேசமணி என்று விழித்தார்கள். அவர்கள் விழிக்க விழிக்க நமக்குச் சிரிப்பு கூடியது. அந்தச் சுட்டு, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணும் முத்திரையாகவே இயங்கியது. ஆனால் சுத்தியல் விழும் காட்சியைத் தனியே போட்டுக் காட்டினால் மொழி தெரியாதவரும் சிரிப்பார். அந்த நேரத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது பிரார்த்தனைப் பகடிதான்.

மூலம் தெரியாதவருக்கு இழப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. மேடையில் பந்துகளை வீசிப் பிடிக்கும் வித்தைக்காரராகத் தொடங்கிய ஃபீல்ட்ஸ், பேசும்படங்களில் பெயர் பெற்றது மூக்கால் இழுத்துப் பேசும் அந்தக் குரலால். அவரைக் கேட்டவருக்கு சர்க்கஸ் முதலாளியின் பேச்சுக் குமிழிக்குள்ளிருந்து அந்தக் குரல் எழும். தமிழ் வாசகருக்கு அது மௌனப் படம். வான் கிளீஃப் உருவத்தில் இழப்பு குறைவு: ஒட்டிய கன்னமும் கழுகு மூக்கும், பணத்துக்கு மோப்பம் பிடிப்பவன் இவன் என்பதைக் கோடுகளாலேயே சொல்லிவிடுகின்றன. மறுபதிப்புகளில் இந்த முகங்களுக்குக் குறிப்பு எழுதுவதானால் அதைக் கதையின் முடிவில் வைப்பதே முறை. படத்தின் ஓரத்தில் வைத்தால், தானாகச் சிரிக்க இருந்தவரை மறித்துப் பாடம் நடத்துவதாகிவிடும்.

ரின்டின்கேனுக்கு 1987இல் ஐரோப்பாவில் தனித் தொடரே தொடங்கியது. பகடிக்கு மூலமான ரின் டின் டின் இறந்தது 1932இல். 1950களின் தொலைக்காட்சித் தொடர் அதன் பெயருக்குக் கொடுத்த மறுவாழ்வும் அதற்குள் பழங்கதையாகியிருந்தது.