மேசையைத் தொடு: ஆங்கிலம் கற்பித்தவர்களின் வரலாறு

இவ்வாண்டு நினைவுப் பேருரைக்கு ஆங்கில ஆசிரியரின் பணியைப் பொருளாக எடுத்துக்கொண்டோம். ஆங்கிலக் கல்வி பற்றி நம்மிடையே பேச்சுக்குக் குறைவில்லை. 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பு நமக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்று வாதிட்டிருக்கிறோம். உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010இல் ஆங்கில தேவிக்குக் கோயில் எழுப்ப முனைந்த சந்திரபான் பிரசாத்தைப் பற்றியும் பேசியிருக்கிறோம். ஆனால், வேறு மொழி பேசும் பிள்ளைகள் முன் நின்று அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவர் யார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார், எந்தப் பிள்ளையை மனதில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்ற கேள்விகளை நாம் போதிய அளவு கேட்கவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைக் குறிப்பிடுகிறார். சுமார் 400 பேர் படித்த இடத்தில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் உடன் படித்தவர்களோடு பழகாமல் ஒதுங்கியிருந்தார். அப்படி ஒதுங்கி நின்று கற்றவர்தான் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று 3,412 பேரின் கையொப்பத்தோடு இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். அம்பேத்கருக்கோ பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் படித்தார். ஆங்கிலத்தை மட்டும் அவரிடமிருந்து தடுக்க முடியவில்லை.

இருவரும் தங்களுக்காக நடத்தப்படாத வகுப்பில் இருந்து கற்றவர்கள். இதை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆசிரியத் தொழிலின் பக்கமிருந்து பார்த்தால் இது பெருமையல்ல, குற்றச்சாட்டு. அப்படிக் கற்க முடியாமல் எழுந்து போனவர்கள் எத்தனை பேர்?

அக்காலத்தில் பரவலாக இருந்தது மொழிபெயர்ப்பு முறை. ஆசிரியர் ஒரு வரி படிப்பார், தமிழில் பொருள் சொல்வார், இலக்கண விதியை மனப்பாடம் செய்யச் சொல்வார். மீதியை வீடு பார்த்துக்கொள்ளும். அகராதியும், திருத்திச் சொல்ல ஓர் அண்ணனும் வீட்டில் இருந்த பிள்ளைக்கு அது போதும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த சேரிப் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் ஆங்கிலம் எங்குமில்லை.

1950களில் சென்னை மாநிலம் அமைப்பு முறைக்கு மாறியது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, பொருளைக் காட்டி, வாயால் சொல்ல வைத்துப் பழக்குவது அதன் வழி. பத்தாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவியோடு ஒரு பெரும் பயிற்சி இயக்கம் நடந்தது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பித்த 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்துவதே நோக்கம். ஒரு சிறு குழு கற்று அடுத்த குழுவுக்குக் கற்பிக்கும். அந்தக் குழு அதற்கடுத்த குழுவுக்கு. பனிப்பொழிவே இல்லாத நம் ஊரில் நடந்த இதற்கு ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயர். உலக ஆங்கிலக் கற்பித்தல் வரலாற்றில் அந்தப் பெயர் இடம்பெற்றிருக்கிறது.

இந்த முறையில் நமக்கு நன்மை இருந்தது. வீட்டின் துணை இல்லாமலே, வகுப்பில் கேட்டதை வைத்துப் பேசத் தொடங்கலாம். ஆனால், அதன் உயிர்நாடி கட்டளை வாக்கியங்கள். வா. மேசையைத் தொடு. புத்தகத்தை அவனிடம் கொடு. நான் என்ன செய்கிறேன்? நான் மேசையைத் தொடுகிறேன்.

பயிற்சி நூலுக்கு இவை வெறும் வாக்கிய அமைப்புகள். தனி வரிசையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு அவை அப்படியல்ல. ஆசிரியரின் மேசையை எல்லாப் பிள்ளையும் தொட்டதா? ‘இது பானை’ என்று படத்தைக் காட்டிச் சொல்லச் சொன்னார்கள். மூலையில் இருந்த உண்மையான தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதியில்லாத பள்ளிகள் இருந்தன. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அம்பேத்கரே, பொதுத் தண்ணீர்க் கூசாவில் குடிப்பதற்குச் சக பேராசிரியர்களின் எதிர்ப்பைச் சந்தித்தார் என்றால், பள்ளிப் பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டுப் பழகும் முறையை வகுத்தவர்கள் தீண்டாமையைக் கணக்கில் எடுக்கவில்லை. அதை முழு மனதோடு நடத்திய ஆசிரியர், வாக்கியத்தோடு வேறொன்றையும் கற்பித்தார். பின்வரிசைப் பிள்ளையை முன்னால் அழைத்து மேசையைத் தொடச் சொன்ன ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு கோடு அழிந்தது. அழைக்காமல் விட்டவர், பாடத்திட்டத்தில் இல்லாத பாடத்தை நடத்தினார்.

அடுத்த மாற்றமும் நம் மண்ணில்தான் நிகழ்ந்தது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களில் சில பள்ளிகளில் ஒரு சோதனையை நடத்தினார். வாக்கிய அமைப்பை நேரடியாகக் கற்பிக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போடவும் காரணம் சொல்லவும் வைத்தார். மனம் விடையைத் தேடும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கருத்து. உச்சரிப்பைவிட யோசனைக்கு மதிப்பு கிடைக்கும் வகுப்பு நமக்கு உகந்தது. கூலிக் கணக்கு பார்க்கத் தெரிந்த பிள்ளை அங்கே பின்தங்கியதாகாது. பின்னர் 1990இல் பிரபு, சிறந்த முறை என்று ஒன்றில்லை, ஆசிரியரின் சொந்தப் பட்டறிவில் விளையும் நம்பிக்கையே கற்பித்தலை உயிர்ப்பிக்கிறது என்று வாதிட்டார்.

அந்தப் பட்டறிவு யாருடையது என்பதை நாம் சேர்த்துக் கேட்கிறோம். பின்வரிசையில் இருந்து கற்று, பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சொல்லை எந்தப் பிள்ளை ஏன் வாய்திறந்து சொல்லத் தயங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு எந்தப் பயிற்சி நூலிலும் ஏறவில்லை. அவர்களுடைய பாடக் குறிப்பேடுகள் எடைக்குப் போவதற்குள் சேகரிப்பதும், அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வதும் இம்மன்றத்தின் அடுத்த வேலையாக இருக்க வேண்டும்.