பெருநிறுவன சமூகப் பொறுப்பு நிதி (உழவர்கரை, புதுச்சேரி)

நிறுவனங்கள் தம் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுநலனுக்குச் செலவிடும் முறை, சுருக்கமாக சி.எஸ்.ஆர். விருப்பக் கொடையாக இருந்ததைக் கடமையாக்கியது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். அரசியல் கட்சிக்குத் தரும் பணம் இதில் சேராது.

நிறுவனம் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளைக் கொண்ட உழவர்கரைக்கு இதுவே முக்கிய விதி. வரம்பை எட்டாத சிறு தொழிற்கூடங்கள் தருவது எந்தக் கட்டாயமும் இல்லாத கொடை. அரசுக் கணக்கில் வராவிட்டாலும் அது மதிப்புக்குரியது.

கிரண் பேடி துணைநிலை ஆளுநராக இருந்தபோது (2016–2021) புதுச்சேரி வாய்க்கால்களைத் தூர்வார நிறுவனங்களின் உதவி திரட்டப்பட்டது. அப்போதைய முதல்வர் வே. நாராயணசாமி இதில் முறைகேடு என்றார். ஆளுநர் தரப்பு மறுத்தது. பணியின் பயன் பெரிது. ஆனால் ஒருமுறை தூர்வாரிய வாய்க்கால் மீண்டும் மண்மூடும். தொடர் பராமரிப்புக்கே நிதி தேவை. அதற்கு வழியுண்டு: தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டு வரை நீளும் திட்டங்களைச் சட்டம் அனுமதிக்கிறது.