சட்டாம்பிள்ளையின் சுமை

ஒருவர் ஆற்ற வேண்டிய பணியை அவர் ஆற்றாமல் விட்டால் அப்பணி மறைந்துபோவதில்லை. வேறொருவர் தோளுக்கு மாறிவிடுகிறது. அலுவலகங்களில் இம்மாற்றம் கோப்புகளுக்கிடையே ஒளிந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் ஒளிய இடமில்லை. பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் அவர்களுக்குக் கற்பித்தே தீரவேண்டும். அந்த 'யாராவது ஒருவர்' யார், அவரைத் தெரிந்தெடுத்தவர் யார், அதனால் அவர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கல்வி வரலாற்றில் பெயர்பெற்ற நிகழ்ச்சியொன்று சென்னை எழும்பூரிலேயே நடந்திருக்கிறது.

அதற்குமுன் நம் பழைய திண்ணைப் பள்ளியைச் சற்றே நினைவுகூர்தல் வேண்டும். ஓர் ஆசிரியர், அவரைச் சுற்றிப் பல வயதுப் பிள்ளைகள். புதிதாய்ச் சேர்ந்தவன் மணலில் விரலால் எழுதுவான். தேர்ந்தவன் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவான். ஒருவன் முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்லுவார்கள். பாடத்தில் முந்தியவனே சட்டாம்பிள்ளை. ஆசிரியர் வெளியே சென்றால் அவனே ஆசிரியன். அவர் இருக்கும்போதும் சிறு பிள்ளைகளின் அகரவரிசை அவன் பொறுப்பில்தான் இருக்கும். இன்று 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்னும் சொல்லை அதிகாரம் செலுத்துவோரைக் குறிக்க வசையாகவே வழங்குகிறோம். சொல்லில் அதிகாரம் மட்டும் எஞ்சிற்று, உழைப்பு உதிர்ந்துவிட்டது.

ஆண்ட்ரூ பெல் என்பவர் 1753இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு. 1787இல் சென்னைக்கு வந்தார். படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் 1789இல் தொடங்கப்பெற்ற இல்லத்தின் மேற்பார்வையாளர் பொறுப்பை ஏற்றார். அப்பொறுப்புக்கு ஊதியம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அங்கிருந்த உதவியாசிரியர்களின் கற்பித்தல் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஒருநாள் காலை குதிரைமேல் உலாவச் சென்றபோது தமிழ்ப் பள்ளியொன்றைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தனர். (அக்கால ஆங்கிலேயர் தமிழரை 'மலபார்கள்' என்று குறித்தனர். பெல்லின் எழுத்திலும் அது 'மலபார்ப் பள்ளி' என்றே வருகிறது. மாணவர்கள் கேரளத்தைத் தேடிப் போய்விடக்கூடாது.)

பெல் தம் பள்ளிக்குத் திரும்பி, கீழ்வகுப்புக்கு அகரவரிசையை இவ்வாறே மணலில் கற்பிக்குமாறு உதவியாசிரியரைப் பணித்தார். அது நடவாத காரியம் என்றார் அவர். மனமில்லையா, திறமில்லையா என்று பிரித்தறிவது அரிது. இரண்டும் கலந்தே இருந்திருக்கும். பெல் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஜான் பிரிஸ்கன் என்னும் 8 வயதுச் சிறுவனை அழைத்து அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் தந்தை ஒரு சாதாரணப் படைவீரர். ஊதியம் பெற்ற ஆசிரியர் முடியாது என்றதைச் சிறுவன் செய்துகாட்டினான். பின்னர் மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாக மாணவர் வசமாயின. கற்பித்தல் உதவியாசிரியர்களின் கையை விட்டு அகன்றது.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே இச்சோதனையை விளக்கி லண்டனில் நூலொன்று வெளியிட்டார். அம்முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர் வழங்கலாயிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் 1798 முதல் லண்டனில் இத்தகைய பள்ளியை நடத்தினார். ஓர் ஆசிரியரைக் கொண்டே ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார். முறையைக் கண்டவர் யார் என்று இருவர் தரப்பாருக்குமிடையே எழுந்த பூசல் நமக்கு வேண்டாதது. 1811இல் அமைந்த தேசியக் கழகம் பெல்லின் முறையை இங்கிலாந்தெங்கும் பரப்பிற்று. 1832இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வத்தால் எழுந்த பள்ளி இன்றும் செயின்ட் ஆண்ட்ரூசில் 'சென்னைக் கல்லூரி' என்று பொருள்படும் பெயருடனேயே நடைபெறுகிறது. பெல்லின் உடல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது.

இக்கதையைத் தமிழர்கள் சொல்லும்போது ஒரு பெருமிதம் தொனிக்கும்: உலகுக்கு நாம் கற்பித்தோம் என்று. அப்பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் ஆசிரியத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் என் கண் பிரிஸ்கன் மீதே செல்கிறது. முடியாது என்ற உதவியாசிரியரை அமர்த்தி, மணலில் எழுதக் கற்பிக்கும் வழியை அவருக்கு யாரும் பயிற்றவில்லை. திறமை குறைந்தவர் திருத்தப்படவில்லை; ஒதுக்கப்பட்டார். அவர் விட்ட வேலை மறுத்துச் சொல்ல இயலாத ஒருவனிடம் போய்ச் சேர்ந்தது. தாமும் கற்க வந்தவர்கள் அச்சிறுவர்கள். தம் படிப்பு நேரத்தையே பிறருக்கு ஈந்தார்கள். முறையின் சிறப்புகளுள் ஒன்றாகப் பெல்லே எடுத்துரைத்தது அதன் சிக்கனத்தை!

கற்பிப்பவன் தானும் கற்கிறான் என்பது பெல் தந்த சமாதானம். இதில் உண்மை இல்லாமலில்லை. பின்னக் கணக்கைப் பிறனுக்கு விளக்கப் புகுந்த பிறகே அது தனக்குத் தெளிவாகப் புரிந்தது என்று சொல்லாத ஆசிரியர் உண்டோ? ஆனால் அவ்வுண்மைக்கு ஓர் எல்லை இருக்கிறது. மூன்றாம் ஆண்டாக அகரவரிசையையே கற்பித்துக்கொண்டிருக்கும் சிறுவன் அகரவரிசையில் புதிதாக எதைக் கற்கப்போகிறான்?

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாநிலப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டார். மறு ஆண்டு பல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் அனுப்பிய அறிக்கை கல்வி வரலாற்றாசிரியர்கள் பலரும் எடுத்தாள்வது. முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிக்கும் முறை பாராட்டத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்கிறார் அவர். அதை அடுத்தே இப்பள்ளிகளின் குறைகளுள் ஒன்றாகத் தகுதியுள்ள ஆசிரியர் இன்மையைச் சுட்டுகிறார். பாராட்டும் குறையும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை மூடிமறைத்துக்கொண்டிருந்தது என்னும் கருத்தை அவர் எழுதவில்லை. என் துணிபு அதுவே. கெட்டிக்காரச் சட்டாம்பிள்ளை இருந்தவரை ஆசிரியரின் குறை எவர் கண்ணுக்கும் படவில்லை.

சிறுவர்களைக் கொண்டே பள்ளி நடத்துவதன் குறைகளை இங்கிலாந்து காலப்போக்கில் உணர்ந்தது. 1846இல் கே ஷட்டில்வொர்த் என்பவரின் முயற்சியால் மாணவாசிரியர் திட்டம் பிறந்தது. இத்திட்டத்தின் எண்களை நான் பலமுறை வியந்து நோக்கியிருக்கிறேன். 13 வயதுக்குக் குறையாத மாணவன் 5 ஆண்டுகள் பயிற்சியில் இருப்பான். முதலாண்டில் அவனுக்கு 10 பவுன் உதவித்தொகை. அது ஏறி ஐந்தாம் ஆண்டில் 20 பவுன் ஆகும். பகலெல்லாம் கற்பிக்கும் அவனுக்குத் தலைமையாசிரியர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தனியே பாடம் சொல்லவேண்டும். அவ்வாறு சொல்லும் கூடுதல் உழைப்புக்குத் தலைமையாசிரியருக்கும் பணம் உண்டு: ஒரு மாணவாசிரியனுக்கு 5 பவுன், இருவருக்கு 9, மூவருக்கு 12. குறைகள் இதிலும் இருந்தன. பகலில் கற்பித்துக் களைத்த பிள்ளை மிஞ்சிய வேளையில் எவ்வளவு படிப்பான்? ஆயினும் பிரிஸ்கனுக்குக் கிட்டாத ஒன்று இவனுக்குக் கிட்டியது. அவன் சுமந்த சுமை ஏட்டில் ஏறியது. இழந்த நேரத்துக்கு ஈடு வகுக்கப்பட்டது.

நம் மலாயாத் தோட்டப் பள்ளிகளின் கதை இங்கேதான் வந்து இணைகிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. பள்ளிக்குக் கட்டாயம் வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு அத்தகைய கட்டாயம் வரவில்லை. எழுத்தர் ஒருவரோ எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ தம் வேலை முடிந்தபின் வந்து கற்பித்த பள்ளிகள் பல. அவர்களை நாம் இகழ்தல் ஆகாது. வெட்டுக்காட்டில் கணக்கெழுதிவிட்டு வந்தவரிடம் கல்வி உளவியலையா எதிர்பார்ப்பது? அவர் திணறிய இடங்களில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. பின்னாளில் பயிற்சி பெற்று வந்த ஆசிரியர்கள், பயிற்சி பெறாதவர்களோடு ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றியபோது, மேல்வகுப்பும் பதிவேடும் மேலதிகாரிக்கு எழுதும் கடிதமும் அவர்கள் மேசைக்கே வந்து சேர்ந்தன. இத்தகைய ஆசிரியர்கள் பலரிடமிருந்து தமிழைக் கற்ற தலைமுறை என்னுடையது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின் நம் பள்ளிகள் பல சிறுத்துவிட்டன. 150 மாணவருக்கு மேற்படாத பள்ளியில் ஆசிரியர் தொகையும் சிறிது. ஒருவர் தளர்ந்தாலும் அச்சுமை மற்றவர்மீது உடனே அழுந்தும். இன்று அதைச் சுமப்பவர் சிறுவர் அல்லர், சக ஆசிரியர். ஆனால் அவரைத் தெரிந்தெடுக்கும் முறை மட்டும் பெல் காலத்தியதே. வாராத ஆசிரியருக்கு மாற்றாசிரியரைக் குறிக்கும் அட்டவணையை எழுதும்போது, தலைமையாசிரியர் கை தானாகவே மறுக்காதவர் பெயருக்குச் செல்லும். வகுப்பு அமைதியாக இருக்கும், பெற்றோர் முறையிடமாட்டார், அன்றைய பொழுது கழிந்துவிடும். தளர்ந்தவர் ஏன் தளர்ந்தார் என்ற விசாரணை மட்டும் தள்ளிப்போகும். நோயா, குடும்பத் துன்பமா, பாடத்தில் தெளிவின்மையா, வெறும் சோம்பலா என்பதைப் பொறுத்தன்றோ செய்ய வேண்டியது அமையும்? நோயுற்றவருக்காகச் சுமப்பது அறம். சோம்பியவருக்காக ஆண்டுக்கணக்கில் சுமப்பதை அறம் என்று சொல்ல என் நா எழவில்லை.

சில ஆண்டுகளாக எங்கள் பள்ளியின் மாற்றாசிரியர் பதிவேட்டில் கூடுதலாக ஒரு பத்தி வரைந்து வைத்திருக்கிறோம். பிறருக்காக எடுத்த பாடவேளை மட்டுமன்றி, பிறருக்காகத் திருத்திய பயிற்சி ஏடுகள், எழுதிக் கொடுத்த பாடத்திட்டங்கள் ஆகியவையும் அதில் ஏறும். முதல் ஆண்டின் முடிவில் கூட்டிப் பார்த்தபோது பெரும்பாலானவை இரண்டே பெயர்களுக்கு எதிரே நின்றன. இருவரும் இளைய ஆசிரியைகள். மறு ஆண்டு அவர்களிடமிருந்து விளையாட்டுப் போட்டிப் பொறுப்பும் கழகப் பொறுப்பும் எடுக்கப்பட்டன. யாருக்காக அவர்கள் அதிகம் சுமந்தார்களோ அந்த ஆசிரியர் வாரம் இரு பாடவேளை அவர்களுள் ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பது என்று முடிவாயிற்று. முதல் மாதம் அவர் குறிப்பேடு கொண்டுவரவில்லை. இரண்டாம் மாதம் கொண்டுவந்தார்.