அரக்கு: மூன்று சந்தைகளை இழந்த கதை

ராஞ்சிக்கு மாற்றலாகி வந்த நம் குடும்பங்களில் சிலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மரப்பலகையில் சமையல் மேடை போட்டிருக்கோம். தண்ணி இறங்காம இருக்க இந்த ஊர் அரக்கையே பூசலாமா சார்?" நான் பி.காம். படித்த வங்கிக்காரன், தச்சனில்லை. எங்கள் தொழிலில் அரக்கு என்றால் நகைப் பைக்கும் பார்சலுக்கும் வைக்கும் முத்திரை, அவ்வளவுதான். ஆனால் அரக்கு விளையும் சீமைக்கே வந்துவிட்ட பிறகு அதன் கணக்கைப் புரட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாரதத்தில் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகை நமக்குத் தெரியும். அந்த அரக்கு மரத்தின் பிசின் அல்ல. புரசு, இலந்தை, இங்கே குசும் என்று சொல்லும் மரம், இவற்றின் இளங்கிளைகளில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு. ஒரு கிலோ அரக்குக்கு லட்சக்கணக்கான பூச்சிகள் வேண்டும். கிளையை வெட்டி, சுரண்டி, இடித்து, கழுவுவார்கள். பிறகு நீளமான துணிப்பையில் போட்டுக் கரி நெருப்பின் முன் முறுக்கினால் உருகி வழியும். அதைச் சூட்டோடு தகடாக இழுத்து உடைத்தால் செல்லாக்.

ஐரோப்பியர்கள் முதலில் விரும்பியது இந்தத் தகட்டை மட்டுமல்ல, கழுவிய தண்ணீரில் இறங்கும் சிவப்புச் சாயத்தையும்தான். கம்பளித் துணிக்கு அது ஏற்றது. 1856இல் பெர்கின் என்ற ஆங்கிலேயர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அரக்குச் சாயத்தின் சந்தை படுத்துவிட்டது. இது முதல் அடி.

இரண்டாவது சந்தை, மரச்சாமான். செல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவதுதான் பிரெஞ்சு பாலிஷ். 19ஆம் நூற்றாண்டில் நல்ல மேசை, பியானோ என்றால் இதுதான் பூச்சு. பளபளப்பில் குறையில்லை. ஆனால் சூடான பாத்திரம் வைத்தால் இளகும், ஈரம் நின்றால் வெள்ளை வட்டம் விழும், சோடா கலந்த தண்ணீர் பட்டால் கரையும். மேலே கேட்ட கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. அலமாரிக் கதவுக்கு அரக்கு பூசுங்கள், சமையல் மேடைக்கு வேண்டாம். மேடைக்குத் தானே உலர்ந்து இறுகும் சுத்தமான ஆளிவிதை எண்ணெய் போதும். மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள். வருஷத்துக்கு ஓரிரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் காயாது, சிக்கு வாடைதான் மிஞ்சும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

செல்லாக்கின் இந்தப் பலவீனங்களால்தான் 1920களிலிருந்து செல்லுலோஸ் லாக்கரும், பின்னால் பாலியூரித்தேனும் மரச்சாமான்களைப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது அடி.

மூன்றாவது சந்தை, இசைத்தட்டு. கல் தூளைச் செல்லாக்கால் பிணைத்து அழுத்தியதுதான் 78 சுற்றுத் தட்டு. பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் நம் வீடுகளுக்கு வந்தது அரக்கின் மேல் ஏறித்தான். இந்தத் தேவை பெருகிய காலத்தில்தான், 1924இல், ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1948இல் அமெரிக்காவில் வினைல் நீள்தட்டு வந்தது. கொஞ்ச காலத்தில் அந்தச் சந்தையும் போயிற்று. 2022இல் நாம்கும் நிலையம் இரண்டாம் நிலை வேளாண்மைக்கான தேசிய நிலையமாகப் பெயர் மாறியது. அரக்கு பெயரில்தான் இல்லை, வேலையில் இன்னும் இருக்கிறது. இன்று மாத்திரைகளின் மேல் பூச்சு, மிட்டாய்ப் பளபளப்பு, பழங்களின் மெழுகு என்று சின்னச் சின்ன இடங்களில் அரக்கு பிழைக்கிறது.

சாயக்காரர் வேறு சாயத்துக்குப் போனார், தட்டுக் கம்பெனி வினைலுக்குப் போனது. மரமேறிக் கிளை வெட்டும் முண்டாவும் ஒராவனும் எங்கே போவது? 2013-14இல் மத்திய அரசு வனப்பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கொண்டுவந்தபோது ரங்கீனி அரக்குக்குக் கிலோ 230 ரூபாய், குசுமிக்கு 320 ரூபாய். 2016இல் அதையே 100, 150 என்று குறைத்தார்கள். சந்தை அவ்வளவு கீழே போயிருந்தது. மூன்றே வருஷத்தில் வருமானம் பாதிக்கும் கீழே இறங்கினால் எந்தக் குடும்பம் தாங்கும்? மாதச் சம்பளக்காரர்களான நமக்கு அப்படி நடந்ததாக நினைத்துப் பாருங்கள். பிறகு விலை கொஞ்சம் ஏறியது. ஆனால் இந்தக் குடும்பங்களுக்கு நெல் சாப்பாட்டுக்கு, கையில் ரொக்கம் பார்ப்பது அரக்கில்தான். கடன் விண்ணப்பத்தில் 'எதிர்பார்க்கும் வருமானம்' என்று ஒரு கட்டம் உண்டு. அரக்கு விவசாயியின் தாளில் அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம்.